எண் ஒன்று, மருந்து இரண்டு: .270 வேட்டைத் தோட்டாவுக்கு மெதுவாக எரியும் மருந்தைத் தேர்ந்த ஒரு நிகழ்வு

இதில் வருபவர்கள் எவருடைய பெயரையும் எழுதவில்லை. தோட்டாவில் நிரப்பும் வெடிமருந்தின் எடைகளையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அந்த எண்களைத் தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டிலிருந்து எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட கட்டுரையிலிருந்து எடுக்கக் கூடாது. அது ஏன் என்பது இந்த நிகழ்வைப் படித்து வரும்போதே தெரிந்துவிடும்.

பின்னணி

நெகிரி செம்பிலானின் ஜெம்போல் மாவட்டத்தில் இருக்கிறது பகாவ். நகரைச் சுற்றிலும் பால்மரமும் செம்பனையும்தான். இங்குள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து, இயந்திரப் பொருத்துநராகத் தேர்ந்து, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே குடும்பத்தோடு குடியமர்ந்தவர் இந்த நிகழ்வின் மையம். நான் இவ்வூர் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவர் என் பழைய மாணவர். அவருடைய பெரியப்பா செம்பனை ஆலையில் கொதிகலன் பகுதியில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளுக்காக, முறையான உரிமத்தோடு 12 போர் என்ற குழல் அளவுள்ள இரட்டைக் குழல் சிதறுகுண்டுத் துப்பாக்கி ஒன்றையும் வைத்திருக்கிறார்.

விக்டோரியாவில் மாணவர் வேட்டையாடுவது கடமான். 1860களில் இந்தப் பக்கத்து நாடுகளிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட இனம், அங்கே மலைக்காடுகளில் பல்கிப் பெருகிவிட்டது. இங்கே பாதுகாக்கப்படும் விலங்கை அங்கே ஆண்டு முழுவதும் உரிமத்தோடு தேடிச் சுடலாம் என்பது பெரியப்பாவுக்கு இன்னும் முழுமையாகச் செரிக்கவில்லை. கடமானுக்கு அந்த மாநிலம் வைத்திருக்கும் கீழ்வரம்பு .270 அங்குல விட்டமும் 130 கிரெய்ன் குண்டும். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம், ஆக 130 கிரெய்ன் ஏறத்தாழ எட்டரைக் கிராம்.

முதலில் .308 வின்செஸ்டர் ரைபிள் வைத்திருந்தவர், அதை விற்றுவிட்டு 22 அங்குலக் குழலுள்ள .270 வின்செஸ்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினார். சுட்ட வெடியுறைகளைச் சேர்த்துவைத்து, புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு பொருத்தித் தோட்டாவைத் தானே தயாரிப்பது அங்கே உரிமம் பெற்றவர்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வேலை. நம் நாட்டில் நிலைமை வேறு. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் நடப்பில் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா சட்டைப் பையில் இருந்தாலும் குற்றம். தீபாவளி விடுமுறைக்கு வந்தவர் இதை நன்றாக அறிந்திருந்தார். அவர் கொண்டுவந்தது ஒரு குறிப்புப் புத்தகமும் கைப்பேசியில் சில படங்களும் மட்டுமே. வெற்று உறை ஒன்றைக்கூடக் கொண்டுவரவில்லை.

அடுத்த பருவத்துக்கு எந்த மருந்தை வாங்குவது என்று திட்டமிட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா வீட்டில் பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தபோது புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "சார், வேதியியல் உங்கள் பாடம். நான் போட்டிருக்கும் கணக்கு சரிதானா என்று பாருங்கள்" என்றார்.

குறிப்புப் புத்தகத்தில் கண்டவை

புத்தகம் ஒழுங்காகவே இருந்தது. .308க்காக வாங்கி மிச்சமிருந்த ஏஆர்2208 என்ற மருந்தையே .270க்கும் கையேட்டைப் பார்த்துப் போட்டு ஒரு பருவத்தை ஓட்டியிருந்தார். அமெரிக்காவில் வார்கெட் என்ற பெயரில் விற்கப்படும் அதே மருந்து இது. நடுத்தர எரிவேகம் கொண்டது; .308க்கு மிகப் பொருத்தமானது.

150 கிரெய்ன் குண்டோடு அவர் எழுதிவைத்திருந்தவற்றில் மூன்று விஷயங்கள் என் கண்ணில் பட்டன. குண்டின் வேகம், கடையில் விற்கும் அதே எடைத் தோட்டாக்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் நொடிக்கு 2,850 அடிக்கு வெகுவாகக் கீழே நின்றது. வேகம் குறைவாக இருந்தபோதே கோடைக்கால வரிகளில் "போல்ட் தூக்கச் சற்று இறுக்கம்", "உறையின் அடியில் பளபளப்பான வட்டத் தடம்" என்ற குறிப்புகள் இருந்தன. போல்ட் என்பது ரைபிள் குழலின் பின்புறத்தை மூடும் தாழ். இரண்டும் அழுத்தம் கூடிவிட்டதைக் காட்டக்கூடிய அடையாளங்கள். மூன்றாவது, நிரப்பிய பிறகும் உறைக்குள் கணிசமான வெற்றிடம் இருந்ததாக எழுதியிருந்தார்.

அழுத்தம் மேலே போய்விட்டது, வேகம் வரவில்லை, உறை நிரம்பவில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மருந்து இந்த உறைக்கு வேகமானது என்று பொருள். இவ்வளவையும் அவர் தாமே கண்டுபிடித்திருந்தார். "இன்னும் மெதுவான மருந்து வேண்டும்" என்று அடிக்கோடிட்டும் வைத்திருந்தார். அதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மெதுவான மருந்து ஏன் கூடுதல் வேகம் தருகிறது

பெரியப்பாவின் கேள்வி நியாயமானது: "மெதுவாக எரிகிற மருந்து எப்படிக் குண்டை வேகமாகத் தள்ளும்?"

.270 வின்செஸ்டர் 1925இல் வந்தது. .30-06 ரைபிளின் உறையை எடுத்து, கழுத்தை 0.277 அங்குலக் குண்டுக்கு ஏற்பக் குறுக்கிச் செய்தது. வயிறு பெரியது, வாய் சிறியது. உள்ளே இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் மணிகள் மேற்பரப்பிலிருந்து எரிகின்றன. அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். 1884இல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் பால் வியேய் எழுதிவைத்த விதியும் இதுதான். குண்டு சில சென்டிமீட்டர் நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடும். வேகமான மருந்தாக இருந்தால், குண்டு நகர்ந்து இடம் விடுவதற்கு முன்பே வாயு குவிந்து உச்சம் எகிறும். அந்த உச்சத்துக்கு எல்லை இருப்பதால் மருந்தைக் குறைவாகத்தான் போட முடியும். மெதுவான மருந்தில் மணிகளின் அளவும், அவற்றின் மேல் பூசிய தணிப்புப் பூச்சும் தொடக்கத்தில் வாயு வெளிவருவதைப் பிடித்துவைக்கின்றன. அதனால் அதே உச்ச அழுத்தத்துக்குள் கூடுதல் மருந்தைப் போடலாம். உச்சம் கடந்த பிறகும் குழல் நெடுகத் தள்ளும் வலு தொடரும். குண்டு கனக்கக் கனக்க அது நகரத் தாமதமாகும் என்பதால், கனமான குண்டு மெதுவான மருந்தைக் கேட்கிறது.

இங்கே மெதுவு என்று சொல்வதுகூட நம் கணக்கில் மெதுவு இல்லை. குண்டு குழலை விட்டு வெளியேற எடுப்பதே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான்.

பெரியப்பா தம் ஆலையை நினைத்துக்கொண்டார். பழக்குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசர் ஓடுவது சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அளவில். .270க்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச எல்லை 65,000 பவுண்டு. ஸ்டெரிலைசரின் கதவு வளையம் சற்றுத் தேய்ந்தாலே ஆலையை நிறுத்துவார்கள் என்று சொன்ன அவர், "இதில் அழுத்தமானி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். இல்லை. கையால் தோட்டா தயாரிப்பவரிடம் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் கருவி கிடையாது. அவருக்கு இருப்பவை கையேடு, குண்டு வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப், உறையில் தெரியும் தடயங்கள் ஆகிய மூன்றுதான். அவற்றுள் தடயங்கள் மிகவும் தாமதமாக வருபவை. சில ரைபிள்களில் எல்லையைத் தாண்டிய பிறகே பிரைமர் தட்டையாகிறது. சிலவற்றில் எல்லைக்குள்ளேயே தட்டையாகிவிடுகிறது.

எழுத்தில்லாத எண்

அடுத்த பக்கத்தில் திட்டம் இருந்தது: "4831. 130 கிரெய்ன் குண்டு." அதற்கு நேரே ஓர் எடை. அருகில் "பெரியவர் கொடுத்தது" என்ற குறிப்பு.

அந்தப் பெரியவர் விக்டோரியாவில் இவருக்கு வேட்டை கற்றுக்கொடுத்த முதியவர். வயதாகி வீடு மாறும்போது, பாதி நிறைந்த ஒரு மருந்து டப்பாவையும் தம் கையெழுத்துக் குறிப்புத் தாளின் நகலையும் அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். டப்பாவிலும் 4831 இருந்தது, தாளிலும் 4831 இருந்தது. ஆகவே இரண்டும் ஒன்றே என்று மாணவர் எடுத்துக்கொண்டார்.

தாளின் படத்தைக் காட்டினார். எண்ணுக்கு முன்னால் எழுத்து எதுவும் இல்லை. டப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதில் "ஐஎம்ஆர் 4831" என்று இருந்தது.

எனக்கு உறுத்தியது அங்கேதான். 4831 என்ற எண்ணைச் சுமக்கும் மருந்துகள் இரண்டு. இரண்டாம் உலகப் போரில் 20 மில்லிமீட்டர் பீரங்கிக்காகச் செய்து குவித்த மருந்து, போர் முடிந்ததும் மிஞ்சியது. அதைக் கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் மொத்தமாக வாங்கி வேட்டைக்காரர்களுக்கு விற்றார். எச்4831 அந்த வழியில் வந்தது; .270இன் பெயரோடு ஒட்டிக்கொண்ட மருந்தும் அதுவே. பின்னாளில் ட்யூபான்ட் நிறுவனம் ஐஎம்ஆர் வரிசையில் அதே எண்ணில் தன் மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எண் ஒன்றாக இருந்தாலும் இது எச்4831ஐவிட வேகமாக எரியும். ஒரே குண்டுக்கு இதன் உச்ச அளவு சில கிரெய்ன் குறைவு. 2003இல் ஐஎம்ஆர் வணிகமும் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் கைக்கே வந்தது. இன்று ஒரே நிறுவனம் இரண்டையும் விற்கிறது, ஒன்றின் அளவை மற்றதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு.

தாளில் இருந்த எடை எதற்குரியது? நடப்புக் கையேட்டின் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எச்4831 பட்டியலில் அது உச்சத்துக்குச் சற்றுக் கீழே பொருந்தியது. ஐஎம்ஆர் 4831 பட்டியலில் உச்சத்தைத் தாண்டி நின்றது. டப்பாவில் இருந்தது ஐஎம்ஆர்.

முதியவரை அலைபேசியில் அழைத்துக் கேட்டபோது கதை விளங்கியது. தாள் அவர் இளமையில் எழுதியது. அன்று அவருக்குத் தெரிந்த 4831 ஒன்றே ஒன்று, எனவே எழுத்துப் போடத் தேவையில்லை. டப்பா பல ஆண்டுகள் கழித்து வாங்கியது. அதை வேறொரு கையேட்டைப் பார்த்துச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறார். அவர் கையில் இரண்டும் ஒருநாளும் சந்திக்கவில்லை. வீடு மாறும்போது ஒரே பெட்டிக்குள் போனதுதான் சிக்கல். இதில் யாரையும் கவனக்குறைவானவர் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அந்த அளவில் சுட்டிருந்தால் ரைபிள் வெடித்திருக்குமா? அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். நல்ல ரைபிள்களுக்கு ஓரளவு தாங்கும் இடைவெளி இருக்கிறது. ஆனால் கோடையில் காரின் பின்பெட்டியில் கிடந்து சூடேறிய தோட்டா, சற்று நீளமாக வளர்ந்துவிட்ட உறை, நிறையில் ஓர் அரைக் கிரெய்ன் பிழை என்று சின்னச் சின்னவை சேரும்போது அந்த இடைவெளி கரைந்துவிடும். கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நடக்கும் காரியம் இது.

மகளுக்கான அரை அளவு

புத்தகத்தில் இன்னொரு பக்கம். அவருடைய மகளுக்குப் பதினான்கு வயது. விக்டோரியாவில் 12 வயதிலிருந்து சிறார் உரிமம் பெறலாம், அவள் பெற்றிருக்கிறாள். .270இன் உதை அவள் தோளுக்கு அதிகம் என்பதால், அட்டைக் குறியில் பழகுவதற்கு அதே 4831ஐ ஏறத்தாழ அரை அளவு போட்டு உதையைக் குறைக்கலாம் என்று எழுதியிருந்தார்.

என் கணிப்பில் முந்தைய பக்கத்தைவிட இது மோசமான யோசனை. பார்க்க எவ்வளவு பாதுகாப்பானதாகத் தெரிகிறது என்பதே காரணம். மருந்து குறைந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மெதுவாக எரியும் மருந்தை ஒரு பெரிய உறையில் மிகக் குறைவாகப் போட்டால் அந்தக் கணக்கு செல்லாது. மருந்து உறையின் அடியில் படுத்துக்கிடக்க, பிரைமரின் தீ அதன் மேலாக ஓடுகிறது. எரிதல் தடுமாறித் தொடங்குகிறது. குண்டு சற்று நகர்ந்து குழலின் வரிப்பள்ளத்தில் மாட்டி நிற்க, பின்னால் அழுத்தம் திடீரென்று கட்டுமீறி ஏறுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். துல்லியமான காரணம் குறித்து வல்லுநர்களிடையே வாதம் தொடர்கிறது. குறைத்துப் போட்டதால் ரைபிள்கள் சிதைந்திருக்கின்றன என்பதில் வாதம் இல்லை. கையேடுகள் கீழ்வரம்பையும் அச்சிடுவது வெறும் சம்பிரதாயத்துக்காக அன்று.

"உச்சத்தைத் தாண்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். அடிமட்டத்தையும் தாண்டக் கூடாது என்று யாருமே சொல்லவில்லையே, சார்" என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மகள் என்பதால்தான்.

எடுத்த முடிவுகள்

கையேட்டை வைத்து மூன்று மருந்துகளை ஒப்பிட்டோம். மூன்றும் ஆஸ்திரேலியாவிலேயே, விக்டோரியா எல்லையை ஒட்டி மர்ரே ஆற்றங்கரையில் இருக்கும் முல்வாலாவில் தயாராகின்றன. ஏஆர்2209 என்பது எச்4350. ஏஆர்2213எஸ்சி என்பது எச்4831எஸ்சி. ஏஆர்2217 என்பது எச்1000. பெயர்தான் வேறு, மருந்து ஒன்று என்று தயாரிப்பாளரே இணைப் பட்டியல் கொடுத்திருக்கிறார். முன்பு கண்ட 4831 விவகாரத்துக்கு இது நேர் எதிர்.

ஏஆர்2209 கெட்ட தேர்வு இல்லை. 130 கிரெய்ன் குண்டு மட்டும் போதும் என்றால் அதோடு நிறுத்தியிருப்போம். ஆனால் கடமான் பெரிய உருப்படி. கிடா 200 கிலோவைத் தாண்டும். அதற்கு 150 கிரெய்ன் குண்டுக்குப் போக விரும்பினார். அந்த எடைக்கு ஏஆர்2213எஸ்சி உறையை ஏறத்தாழ நிரப்பி, எல்லைக்குள் நல்ல வேகம் கொடுப்பதாகக் கையேடு காட்டியது. ஏஆர்2217 இன்னும் மெதுவானது. 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம் போன்ற பெரிய வயிறுகளுக்கு ஏற்றது. .270இல் உறை நிரம்பி வழியும்வரை போட்டாலும் மிச்சம் இருக்கும் அழுத்தத்தைப் பயன்படுத்த முடியாது. 22 அங்குலக் குழலில் எரியாத மருந்து வாய்வழியே வெளியே போய்ப் பெரிய சுடராக எரிவதுதான் மிஞ்சும். மெதுவு நல்லது என்றால் மிக மெதுவு மிக நல்லது என்ற ஆசையை இந்த இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

இணையத்தில் கிடைக்கும் எரிவேகப் பட்டியலை வைத்து அவர் முதலில் தேர்வு செய்ய நினைத்தார். அந்தப் பட்டியலில் மருந்துகள் வரிசையாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அதில் இருக்காது. ஒரு நிறுவனத்தின் பட்டியலில் முன்னே நிற்பது இன்னொன்றில் பின்னே நிற்கும். எவற்றை ஒப்பிடுவது என்று தெரிந்துகொள்ள அது உதவும். எவ்வளவு போடுவது என்பதற்கு உதவாது.

ஏஆர்2213எஸ்சியில் இருக்கும் "எஸ்சி" மணிகள் குட்டையாக வெட்டப்பட்டவை என்பதைக் குறிக்கிறது. எரிவேகம் அதேதான், அளவுக் கருவியில் சிக்காமல் சீராக விழும். வெயிலுக்கும் குளிருக்கும் இந்த வரிசை மருந்துகள் அதிகம் மாறுவதில்லை என்பதும் கணக்கில் வந்தது. மலையில் உறைபனியும் சமவெளியில் 40 பாகையும் காணும் மாநிலம் அது.

மகளுக்கு ஏஆர்2206எச் என்று முடிவாயிற்று. அமெரிக்காவில் எச்4895 என்று விற்கப்படும் அந்த மருந்துக்கு, கையேட்டில் உள்ள உச்ச அளவில் 60 விழுக்காடு என்ற அளவு வரை இறங்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே விதி தந்திருக்கிறது. குறைத்துப் போட்டாலும் சீராகப் பற்றும் மருந்து அது. பழைய டப்பாவைப் பயன்படுத்துவதே இல்லை என்பது கடைசி முடிவு. முறையாகப் பட்டியல் பார்த்து ஐஎம்ஆர் 4831ஐயும் .270இல் பயன்படுத்தலாம்தான். ஆனால் எத்தனை கோடையை எந்தக் கொட்டகையில் கழித்தது என்று தெரியாத மருந்து அது.

ஊரில் எழுந்த வேறொரு கேள்வி

இந்தப் பேச்சு பெரியப்பாவின் நண்பர் ஒருவர் காதுக்கும் போனது. அவரும் துப்பாக்கி உரிமம் உள்ளவர். கன்று நட்ட காட்டில் பன்றித் தொல்லை. தோட்டாவோ உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்குள்தான் வாங்க முடியும், விலையும் ஏறிவிட்டது. சுட்ட 12 போர் உறைகள் ஒரு வாளி நிறைய வைத்திருந்தார். "தம்பி, அதையே நிரப்பிக்கொள்ள ஒரு வழி சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

மாணவர் தயங்கினார், வயதில் மூத்தவர் கேட்கிறார் அல்லவா. பெரியப்பா தயங்கவில்லை. துப்பாக்கி உரிமம் என்பது தோட்டா தயாரிக்கும் உரிமம் அன்று, இதைப் பற்றி என் வீட்டில் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் பொருளின் பக்கத்தையும் சொன்னேன்: அவருடைய துப்பாக்கியின் எல்லை 11,500 பவுண்டு அளவில், ரைபிளின் எல்லையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குரிய மருந்துகள் மிக வேகமானவை. அவற்றை ரைபிள் உறையில் நிரப்பினால் ரைபிள் சிதறும். ரைபிளின் மெதுவான மருந்தை அவருடைய உறையில் போட்டால் பாதி எரியாமல் குழலுக்குள்ளேயே அடைத்து நிற்கலாம், அடுத்த சூடு அந்த அடைப்பின் மேல் போகும். வாளியைக் காலி செய்தார். பெட்டியில் பச்சை பூத்துக் கிடந்த பழைய தோட்டாக்களையும் உரிமம் பெற்ற கடைக்காரரிடம் ஒப்படைத்தார். அவருடைய பன்றித் தொல்லை இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

திரும்பிய பிறகு

விக்டோரியா சென்றதும் முதலில் பழைய டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறார். கெடாத மருந்துக்கு லேசான கரைப்பான் வாசனை இருக்கும். இதில் மூக்கைக் குத்தும் அமில நெடியும், மூடியின் உட்புறம் செந்துருப்போன்ற தூசியும் இருந்தன. மருந்து சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது. தயாரிப்பாளர் கூறும் முறைப்படி அழித்தார்.

ஏஆர்2213எஸ்சியை உரிமத்தைக் காட்டி வாங்கினார். தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டில் 150 கிரெய்ன் குண்டுக்குரிய தொடக்க எடையில் ஆரம்பித்து, சிறு படிகளாக ஏறினார். கையேட்டின் சோதனைக் குழல் 24 அங்குலம், அவருடையது 22. ஓர் அங்குலத்துக்கு நொடிக்கு 20 முதல் 30 அடி வேகம் குறையும் என்ற பொதுக் கணக்கைக் கழித்துவிட்டு, கிடைக்கும் வேகம் கையேட்டின் வேகத்தோடு ஒத்துப்போன இடத்தில் நிறுத்தினார். உச்ச எடைக்கு இன்னும் இடம் இருந்தது. வேகம் வந்துவிட்டால் அழுத்தமும் வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். மேலே இருக்கும் இடத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்பதில்லை. இதை அவர் என்னிடம் கேட்காமல் தாமே செய்தது எனக்கு நிறைவளித்தது.

போல்ட் இறுக்கம் இல்லை, உறையடியில் தடம் இல்லை. குண்டுக்குக் குண்டு வேக வேறுபாடு முன்பைவிடக் குறைந்தது. குறை ஒன்று உண்டு: அந்தி வெளிச்சத்தில் குழல்வாய்ச் சுடர் பழைய மருந்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது, சுட்ட கணத்தில் இலக்கு கண்ணிலிருந்து மறைகிறது. குட்டைக் குழலோடு மெதுவான மருந்தைச் சேர்த்தால் இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பருவத்தில் ஒரு கடமான் கிடைத்தது. சூடு பட்ட இடத்திலிருந்து அதிக தூரம் போகவில்லை.

மகள் ஏஆர்2206எச் தோட்டாக்களில் பழகுகிறாள். தோள் வலிப்பதாகச் சொல்லவில்லை, காது மூடிதான் பிடிக்கவில்லையாம்.

அவர் மாற்றிக்கொண்டவை

புத்தகத்தின் பத்திகள் மாறியிருக்கின்றன. மருந்தின் பெயரைத் தயாரிப்பாளர், எழுத்து, எண், பின்னொட்டு என்று முழுமையாக எழுதுகிறார். டப்பாவின் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதைக் காட்டுவது), எந்த ஆண்டுக் கையேடு, சுட்ட அன்றைய வெப்பநிலை ஆகியவற்றுக்குத் தனிப் பத்திகள். பிறர் கொடுத்த எடைகளுக்குப் பத்தியே இல்லை. முதியவரின் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார், மேசையில் வைக்கவில்லை. வேலை நடக்கும்போது மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்பதும், மருந்தை ஒருபோதும் வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது என்பதும் வீட்டு விதிகள் ஆகிவிட்டன. தராசு கிராமிலா கிரெய்னிலா நிற்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் சோதனை எடைக்கல்லால் பார்க்கிறார். மின்விசிறிக் காற்றில் தராசு அலைவதைக் கண்டபின் மின்விசிறியையும் நிறுத்திவிடுகிறார்.

எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு. உறையின் நீளத்தை எல்லாத் தோட்டாவுக்கும் அளப்பதில்லை, கைக்கு வந்த சிலவற்றை மட்டும் அளக்கிறார். இதைச் சொல்லியாயிற்று, இன்னும் பத்தி சேர்க்கவில்லை.

இப்போதுள்ள டப்பா தீரும் நிலையில் இருக்கிறது. அடுத்து வருவது அதே ஏஆர்2213எஸ்சிதான் என்றாலும் வேறு லாட். தொடக்க எடையிலிருந்து மறுபடியும் ஏறிப் பார்க்க ஒரு பக்கத்துக்குத் தலைப்பிட்டு வைத்திருக்கிறார்.